பாருலிடம் சொன்னது

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இது கப்பல்காரன் பெஞ்சு, நான் ஒன்னும் எழுதி வாங்கிட்டு வரல. சித்தெ நவந்துக்கறேன், அவ்வளவுதான். காத்து இந்தப் பக்கந்தான் நல்லா வருது. அந்தப் பக்கம் போனா இஞ்சின் பொகை மூஞ்சியிலயே அடிக்குது. போர்ட் பிளேர்ல ஏறினதுல இருந்து நான் இந்த எடத்த விட்டு நவரல. எங்கூட்டுக்காரி அதா அங்க, கம்பிகிட்ட, பச்சச் சீலை கட்டிட்டுக் கடலப் பாத்துட்டு உக்காந்திருக்கறா பாருங்க, அவதான். மயிலாத்தான்னு பேரு. சண்டையெல்லாம் ஒன்னுமில்லீங்க. அவளுக்கு அங்க உக்காரோணும்னு தோணுது, எனக்கு இங்க உக்காரோணும்னு தோணுது.

நானுங்க, நாச்சிமுத்து. கோபிக்குப் பக்கம். ஈபியில லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். நீங்களும் ஊட்டுக்காரம்மாவும் சேலமுங்களா? சரி சரி, பேச்சுலயே நெனச்சேன்.

டூர் சந்தோசமா இருந்துதான்னு கேட்டீங்க. வயசான காலத்துல ரெண்டு பேரும் தீவுக்குப் போயி டெண்ட் போட்டுத் தங்கிட்டு வர்றீங்களே, குடுத்து வெச்சவங்கன்னீங்க. என்னத்தச் சொல்றதுங்க. எடத்துக்கு ஒரு கொறையும் இல்ல. தென்னந்தோப்பு, தோப்புக்குள்ள டெண்ட்டு, டெண்ட்டுக்கு முன்னால ரெண்டு சாய்வு நாற்காலி, அதுக்கு முன்னால கடலு. தண்ணிக்குள்ள உங்க கால் நகத்த எண்ணிப் பாக்கலாம், அவ்வளவு சுத்தம். தீவுக்குப் பேரென்னமோ புதுசா மாத்தியிருக்கறாங்களாமா, என்ற வாயில அது நுழையல.

டெண்ட்டுன்னா எனக்குப் புதுசில்லீங்க. நாகப்பட்டணம் பக்கம் புயல் அடிச்சு கம்பமெல்லாம் சாஞ்சு கெடந்தப்ப எங்களையெல்லாம் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. பள்ளிக்கூடத்து மைதானத்துல டெண்ட் அடிச்சுத் தங்கினோம். பகலெல்லாம் கம்பம் நடறது, ராத்திரி விழுந்தாத் தூக்கம். என்ற ஆயுசுல அப்பிடி ஒரு தூக்கம் தூங்கினதில்லீங்க. அதே மாதிரி ஒரு தூக்கம் இவளுக்கு வந்துட்டாப் போதும், மத்ததெல்லாம் தானாச் சரியாயிரும்னுதான் கூட்டிட்டுப் போனேன். ஏரோப்பிளேன் பிரசருக்கு ஆகாதுன்னு கப்பல்ல கூட்டிட்டுப் போனேன். அந்த அளவுக்கு ஒவ்வொன்னையும் ரோசனை பண்ணித்தான் செஞ்சதுங்க. எங்கிட்ட ஒரு தப்புக் கண்டுபுடிக்க முடியாது.

எங்களுக்கு ஒரே பையன். ஓசூர்ல கம்பெனி வேலை. கூட வேலை செய்யற ஒருத்தங்கூட ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். பொண்ணுப் பாத்துட்டு இருந்தோம். போன வருசம் ஆடி மாசம் ஒரு நாள், ராத்திரி அவங்கம்மாகிட்ட போன்ல பேசிட்டுப் படுத்திருக்கறான். காலையில கூட இருந்த பையன் போயி எழுப்பியிருக்கறான். எழுந்திரிக்கல. நெஞ்சு நின்னு போச்சுன்னு சொல்லிட்டாங்க. முப்பத்தொரு வயசுங்க. பீடி சிகரெட்டு ஒன்னு கெடையாது.

ஐயோன்னெல்லாம் சொல்லாதீங்க தம்பி. ஆனது ஆச்சு. நான் சொல்ல வந்தது அதில்ல.

காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல இவ ஒரு தடவ மயங்கி விழுந்துட்டா. ஈரோட்டுக்கு டாக்டர்கிட்டக் கொண்டு போனேன். பிரசர் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்குது. டாக்டர் என்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டு, அம்மாவப் பழசையே நெனச்சுட்டு இருக்க விடாதீங்க, முடிஞ்சா எங்காச்சும் எடம் மாத்திக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்கன்னாரு. அவரு சொன்னது அவ்வளவுதான். அத எப்பிடிச் செய்யறதுங்கறது என்ற பொறுப்புங்களே.

உங்களுக்கு ஈபி வேலை தெரியாது, சொல்றன் கேளுங்க. கம்பத்துல ஆள் ஏறோணும்னா மொதல்ல எல்.சி. வாங்கோணும். லைன் கிளியர்னு அர்த்தம். சப்ளைய நிறுத்தி, பீஸ் கட்டையப் புடுங்கி, வெவரம் தெரியாம எவனாச்சும் ஆன் பண்ணிப்போடாத மாதிரி போர்டு மாட்டி, அப்புறந்தான் கம்பத்துல கை வெக்கறது. எல்.சி. வாங்கின ஆளு தானா வந்து வேலை முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் மந்திரியே போன் பண்ணினாலும் சப்ளை குடுக்க மாட்டோம். முப்பது வருசத்துக்கு மேல அந்த வேலை. என்ற கீழ இருந்த ஒருத்தனுக்கும் ஒரு சேதாரம் வந்ததில்லீங்க. அதையேதான் ஊட்டுலயும் பண்ணினேன். போட்டோவக் கழட்டி அட்டாலிப் பரண் மேல வெச்சேன். அவன் துணிமணி, பெட்டி, எல்லாத்தையும் கண்ணுக்கு மறைவா எடுத்து வெச்சேன். மயிலா, இனி இந்த ஊட்டுல அவன் பேச்சு எடுக்கக்கூடாது, உன்ற ஒடம்புக்காகத்தான் சொல்றன்னு சொன்னேன். சரிங்க மாமான்னா. நல்லவ. அன்னைக்கிருந்து ஒரு வார்த்தை இல்லீங்க.

மத்தவங்களத் தடுக்கறதுதான் பெரும்பாடு. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எழவுக்கு வர முடியாமப் போன பொம்பளைக, ஆறு மாசம் கழிச்சு வந்தாலும் சரி, வாசல்லயே அந்த ஊட்டுப் பொம்பளையக் கழுத்தக் கட்டிட்டு ஒரு பாட்டம் அழுது தீத்துட்டுத்தான் உள்ள வருவாங்க. அழுது முடிக்காம அந்த ஊட்டுல பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது, ரெண்டு பேருக்குமே. இவ அக்கா, காங்கயத்துல இருக்கறவ, இடுப்பு ஆப்பரேசன் பண்ணிப் படுத்துட்டு இருந்ததால காரியத்துக்கு வரல. நடக்கத் தெம்பு வந்ததும் பஸ்ஸேறி வந்தா. தெரு முக்குல அவ வர்றதப் பாத்துட்டேன். என்ன பண்ணினேன்னு சொல்லுங்க பாக்கலாம். ஒரு சொம்பு மோர எடுத்துட்டு வாசல் கேட்டுக்குப் போயி நின்னுட்டேன். வெயில்ல வந்திருக்கறீங்க, குடிங்கன்னு நீட்டினேன். நீட்டினத மறுக்க முடியுங்களா? வாங்கிக் குடிச்சுப்போட்டா. குடிச்சாச்சுன்னா அப்புறம் எங்க அழுகறது? மயிலா வாசப்படியில நின்னு பாத்துட்டே இருந்தா. அக்காகாரி உள்ள வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கே போயிட்டா. அதுக்கப்புறம் வரல. அவளுக்கும் ஊட்டுல வேலை இருக்குமில்லீங்க.

அப்பிடிப் பாத்துக்கிட்டேன் தம்பி. ஒரு வருசமா எங்கூட்டுக்காரி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி நான் பாக்கல. பிரசரும் எறங்கிருச்சு. தூக்கந்தான் வரல அவளுக்கு. பேச்சுங் கொறைஞ்சு போச்சு. உப்புப் போதுங்களா, மோட்டார் நிறுத்தியாச்சுங்களா, அவ்வளவுதான். அமைதியா இருக்கறான்னு நானும் விட்டுட்டேன்.

இப்பத் தீவுக்கு வாரேன். எங்க கல்யாணத்துல இருந்து நாங்க ரெண்டு பேரும் ஒரு எடத்துல சும்மா உக்காந்ததே இல்லீங்க. எனக்குக் கம்பம், அவளுக்கு அடுப்பும் மாடும். அங்க போனா வேலையே இல்ல. மொத நாள் டெண்ட்டுக் கயிறெல்லாம் இழுத்துப் பாத்தேன், ஒன்னு கூடச் சரியில்ல. இழுத்துக் கட்டற ஸ்டே கம்பி சரியா இல்லாமக் கம்பம் நிக்குமுங்களா? எங்க டெண்ட்ட மட்டுமில்ல, தோப்புல இருந்த அத்தன டெண்ட்டையும் அவுத்து மறுபடி நானே கட்டினேன். வெள்ளைக்காரப் புள்ளை ஒருத்தி கும்புடு போட்டா. அதுக்கு மேல என்ன பண்றது? நாற்காலியில உக்காந்தோம். உக்காந்தாப் பேசோணுமில்லீங்க. எந்தப் பேச்சு எடுத்தாலும் அது சுத்திச் சுத்தி அவங்கிட்டயே வந்து நிக்குது. தேங்காயப் பத்திப் பேசினா அவன் மரமேறி விழுந்தது வருது. மீனப் பத்திப் பேசினா வாய்க்கால்ல அவன் தூண்டில் போட்டது வருது. கம்பத்துக்குக் கீழ நிக்கற ஹெல்ப்பர் மாதிரி நான் அவ வாயவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ரெஸ்ட் எடு அம்மிணி, ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டே இருந்தேன்.

ரெண்டாம் நாளு பொழுது சாயற நேரம் கடலுக்குள்ள எறங்கினோம். மொழங்கால் வரைக்குந்தான். அவ பயந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டா. கல்யாணமான புதுசுல கோயில் நோம்பிக் கூட்டத்துல புடிச்சது, அதுக்கப்புறம் இப்பத்தான். நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்னு இருந்துச்சு. அப்ப அவ கேக்கறா, மாமா, நம்ம காவேரித் தண்ணியும் இந்தக் கடல்லதானுங்க வந்து சேருதுன்னு. எனக்குப் பொட்டுன்னு வெளங்கிருச்சு. பவானி கூடுதுறையிலதான் அவன் அஸ்தியக் கரைச்சோம். நான் ஏமாறுவனுங்களா? இல்ல மயிலா, அது வேற கடலு, இது வேற கடலு, வா, டீ குடிக்கலாம்னு சொல்லிட்டேன். அவ, நீங்க போங்க, வர்றேன்னா. நான் கரையேறித் திரும்பிப் பாத்தா, அலை வந்து தொடற எடத்துல உக்காந்துட்டு, ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள வெச்சபடியே இருந்தா. நெறைய நேரம் அப்பிடியே இருந்தா.

அந்தத் தோப்புல சமையல் பண்றவ பாருல்னு ஒரு பெங்காலிப் பொம்பளை. இவ வயசு இருக்கும், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. எங்களுக்கு அவ பேசறது ஒன்னும் புரியாது. சும்மா உக்கார முடியாம இவ அடுப்படிப் பக்கம் போயி வெங்காயம் அரிஞ்சு குடுக்க ஆரம்பிச்சா. நானும் சரி, கை வேலையா இருந்தா மனசு அலையாதுன்னு விட்டுட்டேன். அதுல ஒரு சவுரியம் என்னன்னா, பாஷை தெரியாதவகூட இருந்தாப் பேச்சு வளராதுல்லீங்க. அப்பிடித்தான் நெனச்சேன்.

மறுநாளு என்னைய மட்டும் கண்ணாடிப் படகுல கூட்டிட்டுப் போனாங்க, கடலுக்கடியில இருக்கற பவளப்பாறை காட்ட. இவ வரலன்னுட்டா. திரும்பி வந்து டெண்ட்டுல பாத்தா ஆளக் காணோம். அடுப்படிக்குப் பின்னால ஒரு சத்தம். எனக்குத் தெரிஞ்ச சத்தந்தான், ஆனா அந்த ஊர்ல அது எப்பிடி வரும்னு ஒரு நிமிசம் வெளங்கல. போயிப் பாத்தா, பாக்கு மரத்தடியில பாருல் கழுத்தக் கட்டிட்டு எங்கூட்டுக்காரி அழுதுட்டு இருக்கறா. முன்னயும் பின்னயும் ஆடி ஆடி, ராகம் போட்டு, எங்கூர் எழவூட்டுல அழுகற அதே அழுகை. பக்கத்துல மணல்ல ரெண்டு டம்ளர் டீ ஆறிப்போயி ஏடு கட்டிக் கெடந்துச்சு. அவ குடிக்கல, அந்தப் பொம்பளையும் குடிக்கல.

அழுகை மட்டுமில்லீங்க, பேச்சு. அவன் வவுத்துல இருந்தப்ப சாம்பல் தின்னதுல ஆரம்பிச்சு ஒன்னு விடாமச் சொல்றா. பள்ளிக்கூடத்துல முட்டிபோட வெச்சது, மொதச் சம்பளத்துல சீலை எடுத்தது, அந்தச் சீலைய என்னென்ன நோம்பிக்குக் கட்டினா, எல்லாம். நான் ஒரு தென்னைக்குப் பின்னால நின்னேன். தடுத்திருக்கோணும். தடுக்கலீங்க. எனக்கே தெரியாத விசயமெல்லாம் அதுல வந்துச்சு. பத்தாவதுல பெயிலாகி, அவங்க மாமன் ஊட்டுக்கு ஓடிப்போனவன் அங்க எனக்குப் பயந்துட்டு ரெண்டு நாள் சாப்புடாம இருந்தானாமா. எனக்கு யாரு சொன்னாங்க? பாருல் ஒன்னும் புரியாம, ஆனா புரிஞ்ச மாதிரியே, இவ முதுகத் தடவித் தடவி அவளும் கண்ணுல தண்ணி விட்டுட்டு இருந்தா.

அப்பத்தான் இவ சொல்றா. "அக்கா, கடசியா அன்னைக்கு ராத்திரி போன்ல பேசறப்ப, அம்மா, அப்பாகிட்ட ஒன்னு சொல்லோணும், எனக்குச் சொல்லக் கூச்சமா இருக்குது, நீயே சொல்லிருன்னானுங்கக்கா."

மயிலான்னு நான் கூப்புட்டுப்போட்டேன் தம்பி. வேணும்னு கூப்புடல. அவ கொரலு ஒசரப் போச்சு, மூச்சு வாங்குச்சு, பிரசர்னு மண்டையில அடிச்சுது, வாய் தன்னால கூப்புட்டுப்போடுச்சு. அவ திடுக்குனு நிமுந்து பாத்தா. பேச்சு அப்பிடியே நின்னு போச்சு. முந்தானையில மொகத்தத் தொடச்சுட்டு எந்திரிச்சு, சாப்பாடு ஆயிருச்சுங்க மாமா, வாங்கன்னா. பாருல் என்னையப் பாத்த பார்வை இருக்குதே. நான் என்னமோ அவ சொத்தப் புடுங்கிக்கிட்ட மாதிரி.

ஒரு வருசமுங்க. அவன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி விட்டிருக்கறான், அது ஒரு வருசமா என்ற ஊட்டுக்குள்ளயே இருந்திருக்குது. எங்கிட்ட வரல. பாஷை தெரியாத பொம்பளைகிட்டப் போகுது. எனக்கு எப்பிடி இருக்கும்? அவளாச் சொல்லியிருக்கலாமில்லீங்க? வாயத் தொறக்கறப்பவெல்லாம் நான் பேச்ச மாத்தினேன், சரி, அது வேற விசயம். இப்பிடி ஒன்னு இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பனுங்களா?

மறுநாள் காலையில கரையில நடக்கறப்ப, பேச்சுவாக்குல கேக்கற மாதிரி, அந்தப் பொம்பளைகிட்ட அவ்வளவு நேரம் என்ன பேசிட்டு இருந்த நீன்னு கேட்டேன். நான் வையறேன்னு நெனச்சுட்டா. நின்னு என்ற மொகத்தப் பாத்து,

"இனிப் பேசலீங்க மாமா. உங்களால தாங்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதானுங்க நானும் வாயத் தொறக்கறதில்ல"ன்னா.

என்னாலயாமா! கேட்டீங்களா கதைய? எனக்காக இவ பேசாம இருக்கறாளாமா. நான் என்ன தாங்க மாட்டாதவனா? அதுக்கு அவ சொல்றா, "மோட்டார் ரூமுல போயி மோட்டாரப் போட்டுட்டு நீங்க அழுகறது எனக்குத் தெரியாதுங்களா"ன்னு. எங்க தோட்டத்துல நாப்பது தென்னை இருக்குதுங்க. அதுக்குத் தண்ணி விட வேண்டாமா? மழை பேஞ்சாலும் அடியில ஈரம் எறங்கியிருக்காது, நாலு தடவ விட்டாத்தான் சரியாகும். மோட்டார் ரூமுக்குள்ள தூசி, ஸ்டார்ட்டர் பொகை, கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும். எவனுக்கா இருந்தாலும் வரும். இதெல்லாம் பொம்பளைகளுக்குப் புரியுமுங்களா? நான் துண்டால மொகத்த மூடிக்கிட்டு முன்னால நடந்துட்டேன். கடக்காத்து ஒத்துக்கலீங்க.

அப்பவே நேராக் கேட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அவன் என்ன சொல்லச் சொன்னான், மயிலா? அவ்வளவுதானே. கேக்க வாயெடுக்கறேன், வர மாட்டேங்குது. கெளம்புற வரைக்கும் அப்பிடியே போச்சு. பாருல் படகுத்துறை வரைக்கும் வந்து இவளக் கட்டிப் புடிச்சு அவ பாஷையில என்னென்னமோ சொன்னா. இவ தலைய ஆட்டினா. அவளுகளுக்குள்ள எல்லாம் புரியுது. நான் ரெண்டு பையையும் தூக்கிட்டு நின்னுட்டு இருந்தேன்.

அதா, உங்க ஊட்டுக்காரம்மா எந்திரிச்சு அக்கட்ட போறாங்க பாருங்க. இவகிட்டத்தான் போறாங்க. உக்காந்துட்டாங்க. எந்த ஊருன்னு கேப்பாங்க, எத்தன கொழந்தைகன்னு கேப்பாங்க. பொம்பளைக வேற என்னத்தக் கேப்பாங்க. வேண்டாம் தம்பி, கூப்புடாதீங்க. இருக்கட்டும், இருக்கட்டும்னு சொல்றனில்ல. இவ கைய வெச்சுச் சொல்றது தெரியுதுங்களா, மடியில கொழந்தை கெடக்கற மாதிரி? ஆரம்பத்துல இருந்துதான் வருவா. கடசிக்கு வர இன்னும் நேரமாகும்.

பொண்ணு விசயமா இருக்குமோன்னு நெனைக்கறனுங்க. கூச்சமா இருக்குதுன்னா வேற என்ன? அப்பிடி ஒரு புள்ள இருந்தா, அது ஓசூர்ல எங்கயோ இருக்குதில்லீங்க? அதுக்கு யாராச்சும் போயிச் சொல்லியிருப்பாங்களா? இல்ல, வண்டி மாத்தோணும், அப்பாகிட்டக் கேளுன்னு சொல்லியிருப்பானோ என்னமோ. அப்பிடி ஒன்னுமில்லாததா இருந்தாலும் பரவால்லீங்க. என்னைய வைதிருந்தாலும் பரவால்ல. எனக்குன்னு சொன்னதுங்க அது.

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்க ஊட்டுக்காரம்மா திரும்பி வந்ததும் கேளுங்க. அப்பாகிட்டச் சொல்லிருன்னு அந்தப் பையன் என்ன சொன்னானாமா, அந்தம்மா அதச் சொல்லுச்சான்னு கேளுங்க. குணசேகரன்னு பேரு. நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம். அவ பிரசருக்கு மாத்திரை கூட்டோணுமான்னு பாக்கத்தான். இல்லீங்க, மாத்திரைக்கெல்லாம் இல்ல. எனக்குத் தெரியோணும்.

கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. நான் எங்கயும் போக மாட்டேன், இங்கயேதான் உக்காந்திருப்பேன்.